நட்டுப் பறித்த பாசி

ஏப்ரல் 19

மிக்ஸி ஜார் மறுபடி ஒழுகுகிறது. சட்னி பாதி ஜாரில், பாதி மேடையில். துடைத்துக்கொண்டிருக்கும்போது சென்னையில் இருந்து அந்த நிவேதா போன் செய்தாள், லண்டன் டிவிக்காரர்களுக்கு இங்கே எல்லா ஏற்பாடும் செய்து கொடுக்கிறவள். அவர்கள் திங்கட்கிழமை வருகிறார்களாம். மார்ச் முதல் வாரம் வாருங்கள் என்று பிப்ரவரியில் இருந்தே படித்துப் படித்துச் சொன்னேன். "மார்ச்ல அவங்க வேற நாட்டு ஷூட்ல இருந்தாங்க மேடம்" என்கிறாள். அவர்கள் வசதியைப் பார்த்துத்தான் எங்கள் கடல் திறந்து மூட வேண்டும் போல.

மறுபடி முதலில் இருந்து சொன்னேன். சவரிமுனைப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து, காயவைத்து, வியாபாரிக்குப் போடுகிறோம். ஏப்ரல் பாதியில் இருந்து மே முடியும்வரை பாசி முளைக்கிற காலம். அப்போது நாங்கள் கடலைத் தொடமாட்டோம். சர்க்கார் போட்ட தடை இல்லை இது, சங்கத்தில் நாங்களே உட்கார்ந்து போட்டுக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் வனத்துறை எங்களை நம்பி, தீவுப் பக்கம் இறங்குவதற்குக் கார்டு கொடுத்தது.

"சூப்பர் மேடம், இதையே அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 21

வந்துவிட்டார்கள். டைரக்டர் பெயர் ஏட்ரியன். பனைமரம் மாதிரி ஆள். இரண்டு கேமராக்காரர்கள், நிவேதா. ஏட்ரியன் பார்த்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான். என் வீட்டுக் கோழி குறுக்கே வந்தது, அதற்கும் போட்டிருப்பான்.

சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தோம். நான்தான் செயலாளர், நான்தான் இங்கிலீஷ் பி.ஏ., அதனால் இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் சொல்லும் வேலை என் தலையில். காது சவ்வு கிழிந்ததில் இருந்து நான் முங்குவதில்லை, எனக்கு வேறென்ன வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சங்கம் எப்படி ஆரம்பித்தது, தடைக்காலத்தை எப்படி முடிவு செய்தோம் என்று நான் ஒரு மணி நேரம் சொன்னேன். அவன் தலையாட்டினான். கேமராவில் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. செபத்தியம்மாள் தன் புருஷன் கடலில் போனதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள், உடனே எரிந்தது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பிலோமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பிலோமி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, முகம் தானாகத் திரும்புகிறது. முங்கப் போகும்போது எல்லாரும் சேலைக்கு மேலே ஆம்பளை டீ-சர்ட் போட்டுக்கொள்வோம், சொறிமீன் பட்டால் எரியும் என்பதற்காக. பிலோமியின் டீ-சர்ட்டில் ஏதோ கால்பந்து கிளப்பின் பெயர். அதைக் கழற்ற வேண்டுமாம். பாரம்பரிய உடையில் எடுத்தால்தான் அவர்கள் ஊரில் நம்புவார்களாம்.

"பாரம்பரியத்துல சொறி பட்டா இவரா வந்து மருந்து போடுவாரு?" என்றாள் பிலோமி. அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் கழற்ற வைத்தான்.

ஏப்ரல் 22

முங்குகிற காட்சி வேண்டும் என்றான். முடியாது என்றோம். கரையில் எடு, படகில் எடு, பாட்டுப் பாடச் சொல்லி எடு, கடலுக்குள் மட்டும் இறங்கமாட்டோம். அவன் முகம் தொங்கிப்போனது. மணலில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்வானேன்.

காளிமுத்தம்மா அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சங்கத் தலைவி, ஊரையே அதட்டுகிற மனுஷி, விருந்தாளி முகம் வாடினால் மட்டும் தாங்கமாட்டாள்.

"அம்புட்டுத் தொலைவுல இருந்து வந்துருக்காக. வெறுங்கையோடவா அனுப்புறது? கோடவுன்ல போன மாசத்துக் காஞ்ச பாசி கெடக்குல்ல? ஊறப்போட்டு நட்டுவிடு. அதப் பறிக்கட்டும் பிலோமி. நம்ம கட்டுப்பாடும் ஒடையாது, அவுக படமும் நிக்காது."

முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு செய்தோம். இரண்டு சாக்குப் பாசியைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தோம். அது பொசுபொசுவென்று பழைய நிறத்துக்கு வந்தது. பாசியே இல்லாத கல்லடிப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், கல் இடுக்குகளில் கொத்துக்கொத்தாகச் செருகினோம். பிலோமி கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, நட்டதையே பறித்தாள். அலை ஒரு கொத்தை இழுத்துக்கொண்டு போக, செபத்தியம்மாள் "ஏ, நம்ம சரக்கு போகுதுடி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள். பறித்ததை மறுபடி நட்டோம், மறுபடி பறித்தாள். நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எல்லாவற்றையும் ஏட்ரியனுக்கு நான் ஒன்றுவிடாமல் விளக்கினேன். காய்ந்த பாசியைக் கையில் எடுத்துக் காட்டினேன். கைகொட்டிச் சிரித்து, அருமை, அருமை என்று அவன் பாஷையில் சொல்லி, காளிமுத்தம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அக்கா அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 23

போய்த் தொலைந்தார்கள். ஊறிய பாசியைத் திரும்பக் காயப்போட்டோம். வியாபாரி தரம் போய்விட்டது என்று முகத்தைச் சுளிப்பான், அவன் வேறு.

மே 11

வெயில். இரண்டு கோழி செத்தது. ஏட்ரியன் கும்பிடாத கோழிகள்.

ஜூன் 2

கடல் திறந்தோம். பாறையெல்லாம் பாசி மண்டிக் கிடக்கிறதாம். பிலோமி முதல் முங்கிலேயே பை நிறைத்துக்கொண்டு வந்தாள். பழைய டீ-சர்ட்டைத்தான் போட்டிருந்தாள். நான் கரையில் உட்கார்ந்து எடை போட்டேன்.

செப்டம்பர் 14

படம் வந்துவிட்டது. நிவேதா லிங்க் அனுப்பினாள், இதயப் படம் மூன்று போட்டு. சாகப்போகும் கடல்கள் என்ற மாதிரி ஒரு தொடர், அதில் நாங்கள் ஒரு பகுதி.

சங்கக் கட்டடத்தில் செபத்தியம்மாள் மகனின் கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்தோம். பிலோமி திரையில் வந்ததும் ஒரே கூச்சல். தண்ணீருக்குள் இருந்து எடுத்திருக்கிறான், வெயில் பட்டு அவள் முகம் பொன்னாக மின்னுகிறது. எனக்கே கண் நிறைந்தது.

பின்னால் ஓடுகிற இங்கிலீஷ் எனக்கு மட்டும்தான் புரிந்தது. கனத்த குரலில் ஒருவன் நிதானமாகச் சொல்கிறான்: இது தடைக்காலம். கடலே மூச்சு வாங்கும் மாதங்கள். ஆனால் பசிக்குச் சட்டம் தெரியாது. வறுமை இந்தப் பெண்களைத் தங்கள் கடலையே கொள்ளையடிக்க வைக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் இங்கே எதுவும் மிஞ்சாது.

தடைக்காலத்தைப் பற்றி நான் மூச்சைக் கொடுத்துச் சொன்னேனே, அதை மட்டும் நினைவாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். யார் போட்ட தடை என்பதைக் கல்லடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"என்ன மதினி சொல்றான்? என்னப் பத்தியா?" என்று பிலோமி என் தோளை உலுக்கினாள்.

"ஆமா. நல்லா முங்குறேங்கிறான்" என்றேன்.

வேறென்ன சொல்ல. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 17

நான் சொல்லாததை டிவி சொல்லிவிட்டது. தமிழ்ச் சேனல்கள் ஒன்றுவிடாமல் அந்தத் துண்டைப் போடுகின்றன. மூலையில் லண்டன்காரன் முத்திரை. "உலகையே உலுக்கிய ஆவணப்படம்" என்று கீழே எழுத்து ஓடுகிறது. உலகம் எங்கே குலுங்கியது? நான்கு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விவாதிக்கிறார்கள், ஒருவனும் சவரிமுனையை மேப்பில் காட்டமாட்டான். "வெளிநாட்டுக்காரன் வந்து சொல்ற அளவுக்கு நாம இருக்கோம்" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொள்கிறான். ராமநாதபுரத்தில் இருந்து இங்கே ஒரு பஸ் வருகிறதே, அதில் ஏறி வந்து கேட்டிருக்கலாமே.

சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அட்டையில் பிலோமியின் முகம். முகத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

பிலோமி என்னிடம் வந்தாள். "அன்னைக்கு நல்லா முங்குறேன்னுதான சொன்னான்னீக?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 22

வனத்துறை ரேஞ்சர் ஜீப்பில் வந்து எல்லாருடைய கார்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறு உத்தரவு வரும்வரை யாரும் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் கேஸ்.

"தடைக்காலத்துல எடுக்கமாட்டோம்னு நீங்க சொன்னதை நம்பித்தானே கார்டு குடுத்தோம்? இப்ப எங்க டிபார்ட்மெண்ட் மானம் போயிருச்சு. மேல இருந்து போன் மேல போன்" என்றார்.

காளிமுத்தம்மா அக்கா நடந்ததைச் சொன்னாள். கோடவுனில் இருந்த பாசி, ஊறவைத்தது, நட்டது, பறித்தது. ரேஞ்சர் அக்காவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"காஞ்ச பாசிய நட்டுப் பறிச்சீங்களா? ஏம்மா, கதை சொன்னாலும் கேக்குற மாதிரி ஒரு கதை சொல்லக் கூடாதா?"

"சத்தியமாங்க ஐயா. அவுகளுக்காகத்தான் செஞ்சோம்."

"உலகம் பூராப் போடுற கம்பெனிம்மா அது. அவன் பொய்யாவா எடுப்பான்?"

சத்தியம் செய்த காளிமுத்தம்மா அக்காவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நாங்கள் சொன்னது உண்மை என்றால் அவன் பொய்யன். அவன் பொய்யனாக இருக்க முடியாது, அதனால் நாங்கள்தான் திருடிகள், கூடவே இப்போது பொய் சொல்லிகளும்.

செப்டம்பர் 29

நிவேதாவுக்கு இருபது முறை போன் செய்திருப்பேன். கடைசியில் எடுத்தாள். "எடிட் எல்லாம் லண்டன்ல மேடம், என் கையில இல்ல" என்றாள். லண்டனுக்கே மெயில் எழுதினேன். நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல்.

பதில் வந்தது. உங்கள் கவலையை மிகவும் மதிக்கிறோம். எங்கள் நிறுவனம் எந்தக் காட்சியையும் ஜோடிப்பதில்லை, அது எங்கள் கொள்கை. உங்கள் சமூகத்தின் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

கீழே ஏட்ரியன் கையெழுத்து. இரண்டு சாக்கு ஊறிய பாசிக்கு நடுவில் நின்று கைகொட்டிச் சிரித்தவன்.

அக்டோபர் 8

நம் ஊர் நிருபர் செல்லப்பாண்டியன் வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். கல்லடி, தொட்டி, சாக்கு எல்லாம் போட்டோ எடுத்தார். பத்திரிகையில் வந்தது. ஆறாம் பக்கம், கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்தில், என் உள்ளங்கை அகலத்தில்.

வெட்டி எடுத்துக்கொண்டு ரேஞ்சர் ஆபீஸுக்குப் போனேன். படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா இது ராம்நாடு எடிஷன்மா. டெல்லியில இதை யாரு பாப்பா?" என்றார். பத்திரிகைத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டீ சாப்பிடுகிறீர்களா என்று வேறு கேட்டார்.

வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பையன் போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமி முங்கினாள், எழுந்தாள், முங்கினாள். அந்தப் போனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல் இருந்தது.

அக்டோபர் 27

பெண்கள் இறால் கம்பெனிக்குப் போகிறார்கள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நாள் முழுக்கத் தோல் உரிக்கிற வேலை. காளிமுத்தம்மா அக்காவும் போகிறாள். அறுபது வயதில், தலைவியாக இருந்த மனுஷி, சூப்பர்வைசர் பையன் "சீக்கிரம் கெழவி" என்று சொல்லக் கேட்டுக்கொண்டு. இன்று அவள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெளுத்து வெடித்து, இரண்டு விரலில் சீழ். பிளாஸ்திரி சுற்றிவிட்டேன்.

"நான்தான சொன்னேன் நட்டுவிடுங்கன்னு. எங்கையி நல்லா அனுபவிக்கட்டும்" என்றாள்.

நான் அவளை அதட்டினேன். அழுகை வந்துவிடும் போல் இருந்தால் எனக்கு அதட்டத்தான் வரும்.

நவம்பர் 16

மழை. ஓட்டில் இருந்து மூன்று இடத்தில் ஒழுகுகிறது. செபத்தியம்மாள் இருட்டோடு தீவுப் பக்கம் திருட்டுத்தனமாக இறங்கி, ரோந்துப் படகைக் கண்டு பயந்து, பாறையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். திருடி என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தியைத் திருட வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 24

நிவேதா போன். ஏட்ரியன் படத்துக்கு எங்கோ விருது கிடைத்திருக்கிறது. அவர்கள் திரும்ப வருகிறார்களாம். ஒரு படம் எப்படி ஒரு கடலைக் காப்பாற்றியது என்று இன்னொரு படம்.

அப்படியே போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 4

ராமநாதபுரத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ரேஞ்சருக்கும் மேலே உள்ள அதிகாரி, நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"இந்த ரெண்டாவது படத்துல நீங்க மனம் திருந்துன மாதிரி நாலு வார்த்தை வரட்டும்மா. இனிமே கட்டுப்பாட்டை மீறமாட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு. அது வெளியில வரும்னு தெரிஞ்சாலே போதும், கார்டைத் திருப்பிக் குடுக்குறது எனக்கு ஒரு கையெழுத்துதான். இல்லேன்னா எத்தனை வருஷமோ எனக்கே தெரியாது."

"மீறவே இல்லையே சார்" என்றேன்.

"நான் நம்புறேன்மா. நான் நம்பி என்ன ஆகப் போகுது?"

அவர் நல்லவர் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 7

சங்கக் கூட்டம். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். பாதிப் பேர், சொல்லித் தொலைப்போம், கடல் கிடைக்கட்டும் என்றார்கள். பிலோமி எழுந்து நின்றாள். அவள் முகத்தைத்தான் கேட்கிறான் ஏட்ரியன், வேறு யார் பேசினாலும் அவனுக்கு வேண்டாம்.

"நான் பேசுறேன். ஆனா உள்ளதத்தான் பேசுவேன்" என்றாள். "அவன் கேமராவுலயே அவன் செஞ்சதச் சொல்லுவேன். ஊரு ஒலகம் பாக்கட்டும். எம் மூஞ்சில கோடு போட்டு வச்சிருக்காக மதினி. எம் புள்ளைய பள்ளிக்கூடத்துல திருடி மகன்னு கூப்புடுறாக."

காளிமுத்தம்மா அக்கா மட்டும், "அவ சொல்றது சரிதான்" என்றாள். விரலை மடக்கக்கூட முடியாதவள்.

டிசம்பர் 12

இன்று எடுத்தார்கள். அதே கல்லடி. அதே ஏட்ரியன், அதே கும்பிடு. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான், நான் விலகிக்கொண்டேன். மழை விட்டு வெயில் அடித்தது. பிலோமியை ஒரு பாறையில் உட்காரவைத்தார்கள். நான் கேமராவுக்குப் பக்கத்தில். பெண்கள் எல்லாரும் தள்ளி, கடல் சத்தத்தில் எதுவும் கேட்காத தூரத்தில்.

பிலோமி பேசினாள். அப்படியே எழுதுகிறேன்.

"எம் பேரு பிலோமி. சின்ன வயசுல இருந்து இந்தக் கடல்ல முங்குறேன். போன சித்திரையில இந்த ஐயா வந்தாரு. அப்பக் கடல மூடியிருந்தோம். யாரும் சொல்லி மூடல, நாங்களா மூடுனது. வந்தவரு மொகம் வாடக் கூடாதேன்னு காஞ்ச பாசிய ஊறவச்சு நட்டோம். நட்டதத்தான் பறிச்சேன். இவருக்குத் தெரியும். பக்கத்துல நின்னு சிரிச்சாரு. அப்புறம் எங்களத் திருடின்னு ஒலகத்துக்கே காட்டிட்டாரு. நாங்க திருடல. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். மன்னிப்பு அவரு கேக்கணும். அம்புட்டுத்தான்."

கடைசியில் அவள் கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை. ஏட்ரியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

காளிமுத்தம்மா அக்கா தூரத்தில் பிளாஸ்திரி சுற்றிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். செபத்தியம்மாள் கம்பை ஊன்றி நின்றாள்.

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். பிலோமி பேசியது அதைவிட நீளம்.

ஏட்ரியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்தான். நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சென்னைக்காரியாக இருந்தாலும் தமிழச்சிதான், பிலோமி சொன்னதும் அவள் காதில் விழுந்தது, நான் சொன்னதும் விழுந்தது. பிறகு கேமராக்காரனிடம் வெளிச்சம் போகிறது, சீக்கிரம் என்றாள்.

பிலோமி பாறையில் இருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டீகளா மதினி? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"எல்லாம் சொல்லியாச்சு" என்றேன்.

டிசம்பர் 13

மிக்ஸி ஜாரை மாற்ற வேண்டும்.

ஜனவரி 23

கார்டு வந்துவிட்டது. விழா வைத்துக் கொடுத்தார்கள், பேனர் கட்டி. பேனரில் லண்டன்காரன் முத்திரையும் வனத்துறை முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில். அதிகாரி பேசும்போது, "ஒரு படத்தின் சக்தி" என்றார். பெண்கள் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காளிமுத்தம்மா அக்கா மேடையில் இருந்து இறங்கும்போதே இறால் கம்பெனிக்காரனுக்குப் போன் போடச் சொல்லி, கெட்ட வார்த்தையில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்தாள். நெடுநாளைக்கு அப்புறம் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பிலோமி ஒரு பெரிய பாறை மீனைக் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தாள்.

"பாத்தீகளா? உள்ளதச் சொன்னா நடக்கும்னேன்ல? அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு இருந்துருக்கு பாருங்க. நான் சொன்னத அப்புடியே படத்துல போடப்போறானாம்."

"ஆமா" என்றேன். மீனை அலசினேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 8

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது படத்தைத் தமிழிலேயே போடுகிறார்கள் என்று நிவேதா செய்தி அனுப்பியிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செபத்தியம்மாள் மகன் விளம்பரம் பார்த்துவிட்டான். சங்கக் கட்டடத்தில் பெரிய டிவி வாடகைக்கு வந்தது. பிலோமி புதுச் சேலை, தலை நிறையப் பூ. மகனை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "இப்பப் பாருடா, அம்மா என்ன சொல்லியிருக்கேன்னு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எவனும் வாயத் தொறக்கமாட்டான்."

தலைவலி என்று சொல்லி எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருங்க மதினி, நீங்க இல்லாமயா" என்று முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பாறை வந்தது. பிலோமி வந்தாள். வாயைத் திறந்தாள். வேறு யாரோ ஒருத்தி பேசினாள். பட்டணத்துக் குரல், தேன் தடவிய மாதிரி.

"நாங்கள் கடலுக்குத் துரோகம் செய்துவிட்டோம். வறுமை எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. இந்தப் படம்தான் எங்களுக்கு வழிகாட்டியது. எங்களை மன்னித்துவிடுங்கள்."

பிலோமியின் உதடு அசைகிறது. மன்னிப்பு அவரு கேக்கணும் என்று அது அசைகிற இடத்தில், மன்னித்துவிடுங்கள் என்று அந்தக் குரல் அழுகிறது. கண்ணீர் மட்டும் பிலோமியுடையது.

டிவியை யாரோ அணைத்தார்கள். மகன் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான். அவள் முதலில் அவனைத்தான் மடியில் இருந்து இறக்கினாள்.

"நான் இதையா சொன்னேன்?" என்றாள் பொதுவாக. பிறகு என் பக்கம் திரும்பி, "லண்டன்காரன் மாத்திட்டானா மதினி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு இன்னொரு பொய் பாரமா என்ன? எல்லாரும் நம்பியிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. அவள் என்னைக் கேட்ட விதத்தில் அது வரமாட்டேன் என்றது.

"இல்ல. நான் சொன்னதத்தான் போட்டுருக்கான்."

ஒருத்தி தன் கார்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். காளிமுத்தம்மா அக்கா எழுந்து வந்து என் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போனாள். அது ஆசீர்வாதமா திட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

பிலோமி பூவைத் தலையில் இருந்து உருவி நாற்காலியில் வைத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 9

காலையில் இருந்து ஆள் மாற்றி ஆள் வந்து, நீ செஞ்சது நல்லதுதான், புள்ளைக வயிறு நெறஞ்சுதுல்ல என்கிறார்கள். எல்லாரையும் விரட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏட்ரியனைத் திட்டி இந்தக் குறிப்பை நிரப்பலாம் என்று உட்கார்ந்தால், கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

பிப்ரவரி 12

பிலோமி இன்று கடலுக்கு வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். டீ-சர்ட் போட்டு, விரல்களில் துணி சுற்றி, எல்லாருக்கும் முந்தி வள்ளத்தில் ஏறினாள். திரும்பி வந்து பையை என் தராசில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல எடை.

வியாபாரி புது ஆள். ஊருக்கு முதல் தடவை வருகிறான். பாசியைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு அவளிடம் கேட்டான்.

"எந்தப் பக்கம்மா எடுத்தீங்க? பாறையில இன்னும் நெறைய இருக்கா?"

பிலோமி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைக் கையால் காட்டினாள்.

"மதினிகிட்டக் கேளுங்க. எனக்குப் பதிலா அதுதான் பேசும்."